காயத் தெரிந்த பொடி

போன புரட்டாசியில் என் மொட்டைமாடிக் கொடியில் முதல் பெண் பூ விரிந்தது. அரசாணிக்கொடி. உங்கள் ஊரில் பரங்கி என்றோ சர்க்கரைப் பூசணி என்றோ சொல்வீர்கள். ஆடிப் பட்டத்தில் ஊன்றிய விதை. இரண்டு மாதமாக வெறும் ஆண் பூவாகவே தள்ளிக்கொண்டிருந்த கொடி, அன்றைக்குத்தான் அடியில் சின்னப் பிஞ்சோடு ஒரு பூவைக் காட்டியது. அன்றைக்குப் பார்த்து ஆண் பூ ஒன்றுகூட இல்லை.

எனக்குப் பதற்றம் இல்லை. மூன்று நாள் முன்பு பூத்த ஆண் பூக்களின் மகரந்தத்தைத் தூரிகையால் வழித்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் கூடவே வைத்து மூடி, ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்தியிருந்தேன். அதை எடுத்துப் பெண் பூவின் சூலகமுடியில் தாராளமாகத் தடவினேன். ஐந்தாம் நாள் பிஞ்சு மஞ்சளடித்தது. ஏழாம் நாள் காம்போடு உதிர்ந்து கிடந்தது.

ஒரு பிஞ்சு போனதற்கா இவ்வளவு என்று தோன்றலாம். அந்த விதை என் பெரியம்மா வைத்துவிட்டுப் போனது. தர்மபுரிப் பக்கம் எங்கள் ஊரில் அரசாணி, சுரை விதைகளைச் சாணியில் பிசைந்து வறட்டியாகத் தட்டிச் சுவரில் ஒட்டி வைப்பார்கள். பெரியம்மா போன பிறகு, மாட்டுக்கொட்டகைச் சுவரில் அவர் கடைசியாக ஒட்டிய வறட்டியை அக்கா பெயர்த்தெடுத்து, பாதியை உடைத்து எனக்குத் தந்தாள். என் பாதியில் ஏழு விதை இருந்தது. நாலு முளைத்தது. மூன்றை அணில் கடித்துவிட்டது. மிஞ்சியது அந்த ஒரே கொடிதான்.

அவ்வளவு நிதானமாக நான் அந்தக் குப்பியை நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. மகரந்தத்தை உலர்த்தி வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. கையால் செய்த வேலை அது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் அம்மாவோடு தக்காளி விதைப்புலத்துக்குக் கிராசிங் வேலைக்குப் போயிருந்தேன். வீரிய விதைக்கு ஒரு ரகத்தைத் தாயாகவும் இன்னொரு ரகத்தைத் தகப்பனாகவும் வைத்து, ஒவ்வொரு பூவையும் கையாலேயே சேர்க்க வேண்டும். சாயங்காலம் தாய்ச் செடியில் நாளைக்கு விரியப்போகும் மொட்டாகப் பார்த்து, இடுக்கியால் இதழையும் உள்ளே மஞ்சள் கூம்பாக நிற்கும் மகரந்தப் பையையும் சேர்த்து உருவி எறிய வேண்டும். நடுவே பச்சை ஊசி மாதிரிச் சூலகத்தண்டு மட்டும் நிற்கும். பெண்களுக்கு அது மூச்சு விடுவதுபோல் வரும். எனக்கு முதல் வாரம் முழுக்க ஊசியும் சேர்ந்து ஒடிந்தது.

தகப்பன் செடியின் வேலை தனி. காலையில் பறித்த ஆண் வரிசைப் பூக்களிலிருந்து கூம்புகளை மட்டும் பிரித்து, காகிதத்தில் பரப்பி, நூறு வாட் பல்புக்குக் கீழே ராத்திரி முழுக்க வைப்பார்கள். பல்பு ஒரு முழம் உயரத்தில் தொங்கும். கையை நீட்டினால் இளஞ்சூடு தெரிய வேண்டும், அவ்வளவுதான். காலையில் காய்ந்து சுருங்கிய கூம்புகளைக் கிண்ணத்தில் போட்டு, மேலே மெல்லிய துணி கட்டித் தட்டினால், அடியில் வெளிர் மஞ்சளாக ஒரு சிட்டிகைப் பொடி இறங்கும். மைதாவைவிட மிருது. அந்தப் பொடியைச் சின்னக் குழி வைத்த மோதிரத்தில் நிரப்பி விரலில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பச்சை ஊசியின் நுனியையும் அதில் தொட்டெடுக்க வேண்டும். தொட்ட பூவுக்கு அடையாளமாகப் புல்லி இதழில் இரண்டைக் கிள்ளிவிடுவோம். மிச்சப் பொடியை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்தடுத்த நாளும் பயன்படுத்தியிருக்கிறோம். காய் பிடிக்கத்தான் செய்தது.

ராத்திரி முழுக்கப் பல்புச் சூட்டில் காய்ந்த தக்காளிப் பொடி உயிரோடு இருந்தது. சிலிக்கா ஜெல்லோடு குளிரில் பத்திரமாக இருந்த அரசாணிப் பொடி செத்துப்போனது. இது எப்படி என்று தேடத் தொடங்கினேன். சில மாதங்கள் அதிலேயே போயின.

காய்வது என்றால் ஓர் உயிரணுவுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நாம் சாதாரணமாகத் தண்ணீரை உள்ளே இருக்கும் சரக்கு மாதிரி நினைக்கிறோம். உண்மையில் அது சாரம் கட்டிய கழி மாதிரி. உயிரணுவைச் சுற்றியிருக்கும் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. அந்த மூலக்கூறுகளின் தலைகளுக்கு இடையே தண்ணீர் நின்று அவற்றை விலக்கி வைத்திருக்கிறது. அதனால்தான் சவ்வு எண்ணெய்ப் படலம்போல இளகி இருக்கிறது. தண்ணீர் போனால் தலைகள் ஒன்றோடொன்று நெருங்கி, சவ்வு உறைந்த நெய் மாதிரி இறுகிவிடும். புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்துச் சவ்வுகள் உரசி ஒன்றாகிவிடும். திரும்பத் தண்ணீர் விட்டாலும் பழைய ஒழுங்கு வராது. வாடிய கீரையைத் தண்ணீரில் போட்டால் நிமிரும். முழுக்கச் சருகான கீரையைப் போட்டால் தண்ணீர்தான் பச்சையாகும்.

காயத் தெரிந்த மகரந்தம், பை வெடித்து வெளியே வருவதற்கு முன்பே இதற்குத் தயாராகிவிடுகிறது. உள்ளே சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தில் ஒரு பங்கைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. நாம் காப்பியில் போடும் அதே சுக்ரோஸ்தான். தண்ணீர் வெளியேற வெளியேற, அது காலி செய்யும் இடங்களில் சர்க்கரை மூலக்கூறுகள் போய் உட்காருகின்றன. கொழுப்புத் தலைகளுக்கு இடையே தண்ணீர் பிடித்திருந்த இடத்தைச் சர்க்கரை பிடித்துக்கொள்வதால், சவ்வு காய்ந்த பிறகும் இளகிய நிலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இந்த விளக்கத்தை வலுவாக முன்வைத்தவர்கள் அமெரிக்க உயிரியலாளர் தம்பதி ஜான் குரோவும் லோயிஸ் குரோவும்.

சர்க்கரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அடர்ந்த சர்க்கரைக் கரைசல் மேலும் காய்ந்தால் இரண்டு வழியில் போகலாம். கல்கண்டாகக் கட்டலாம். இல்லையென்றால், கட்டாமலே இறுகி ஆரஞ்சு மிட்டாய் மாதிரிக் கண்ணாடியாகலாம். கல்கண்டானால் அதன் விளிம்புகள் உள்ளே எல்லாவற்றையும் கிழித்துவிடும். கண்ணாடியானால் புரதமும் சவ்வும் எந்த இடத்தில் எப்படி இருந்தனவோ அப்படியே அசையாமல் பதிந்து நிற்கும். உலர்ந்த மகரந்தத்தின் உள்ளே இருப்பது இந்த மிட்டாய்க் கண்ணாடிதான். சமையலில் ஜீரா காய்ச்சும்போது கட்டிப்போகாமல் இருக்க இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுகிறோமே, அதுபோலச் சுக்ரோஸோடு கலந்திருக்கும் வேறு சர்க்கரைகளும் புரதங்களும் அது கட்டாமல் இருக்க உதவுகின்றன. அந்தப் புரதங்களில் ஒரு கூட்டம் 1980களின் தொடக்கத்தில் பருத்தி விதையில் முதலில் அடையாளம் காணப்பட்டது. விதை முற்றிக் காயப்போகும் கடைசி நேரத்தில் உருவாவதால் அதையே பெயராக வைத்தார்கள். தண்ணீரில் நூல்மாதிரி வடிவமில்லாமல் கிடக்கும் அந்தப் புரதங்கள், காயக் காயத்தான் சுருண்டு வடிவம் பெறுகின்றன.

பஞ்சுமிட்டாயை மழை நாளில் வெளியே வைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஈரக்காற்று பட்டதும் கூம்பிப் பிசுபிசுத்துவிடும். அந்தக் கண்ணாடி இளகிவிட்டது என்று அர்த்தம். மகரந்தத்துக்கும் இதே கதிதான். ஈரம் ஏறினால் கண்ணாடி இளகும், உள்ளே உறைந்திருந்த ரசாயன மாற்றங்கள் மறுபடி நகரும், பொடி கிழடாகிவிடும். விதைப்புலத்தில் பொடிக் குப்பியை ஈரக்கையால் தொடக்கூடாது என்று மேஸ்திரி அக்கா திட்டியதன் அர்த்தம் எனக்கு இருபது வருடம் கழித்துத்தான் புரிந்தது.

உள்ளே இவ்வளவு நடக்கும்போது வெளிச்சுவரும் சும்மா இருப்பதில்லை. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப் ஒன்று வீட்டில் இருந்தது. தக்காளிப் பூ ஒன்றைக் காயவைத்து அந்தப் பொடியைப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டருக்குள் நாற்பது மணியை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு பொடிசு. காய்ந்த மணி உருண்டையாக இல்லை. கோதுமை மாதிரி நீண்டு, நெடுக்க ஒரு கோடு ஓடியது. ஸ்லைடின் ஓரத்தில் வாயை வைத்து மெதுவாக ஊதினேன். ஹா என்று, கண்ணாடியைத் துடைக்க ஊதுவோமே அப்படி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு அகன்றது, மணி குறுகித் தடித்தது. ஊதுவதை நிறுத்தியதும் மெல்ல மறுபடி ஒல்லியானது. அன்று சாயங்காலம் முழுக்க நான் வேறு எதுவும் செய்யவில்லை. ஊதுவதும் பார்ப்பதுமாக இருந்தேன்.

தக்காளி மகரந்தத்தின் சுவரில் இப்படி மூன்று பள்ளங்கள் உண்டு. அங்கே மட்டும் கெட்டியான மேலோடு மெலிந்திருக்கும். தண்ணீர் வெளியேறும்போது பள்ளம் உள்வாங்கி, இரண்டு கரையும் ஒட்டிக்கொள்ளும். சன்னலைச் சாத்திக்கொள்வதுபோலத்தான். இதழ் இதழாக மடங்குவதால் சுவர் நொறுங்காது, இனிமேல் தண்ணீர் போகும் வேகமும் குறையும். இந்த மடிப்பு வித்தைக்கு ஆங்கிலத்தில் தனிப் பெயர் சூட்டியவர் அமெரிக்க மகரந்த ஆய்வாளர் ரோஜர் வோட்ஹவுஸ், 1935இல். 2010இல் எலெனி காட்டிஃபோரியும் அவரோடு சேர்ந்தவர்களும் லில்லி போன்ற பூக்களின் மகரந்தம் மடங்குவதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எங்கே மெலிந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதே அது எப்படி மடங்கும் என்று முடிவு செய்துவிடுகிறது. காகிதத்தில் முன்கூட்டியே மடிப்புத் தடம் போட்டு வைத்த மாதிரி.

காய்வது பாதி வேலைதான். திரும்ப நனைவதிலும் உயிர் போகலாம். உலர்ந்த பொடியை எடுத்து நேராகத் தண்ணீரில் போட்டால், இறுகிக் கிடக்கும் சவ்வு இளகுவதற்குள் தண்ணீர் பாய்ந்து, உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகிவிடும். நெதர்லாந்தின் ஃபோல்கெர்ட் ஹூக்ஸ்ட்ரா குளக்கரையில் வளரும் சம்புப் புல்லின் மகரந்தத்தை வைத்துக் குரோ தம்பதியோடு இதை ஆராய்ந்து 1989இல் வெளியிட்டார். மகரந்தத்தை முதலில் ஈரக்காற்றில் கொஞ்ச நேரம் வைத்தால், ஆவியாக வரும் தண்ணீரில் சவ்வு மெல்ல இளகிக்கொள்கிறது. அப்புறம் தண்ணீரில் போட்டாலும் ஒழுகுவதில்லை. பூவின் சூலகமுடியும் இதைத்தான் செய்கிறது. வந்து ஒட்டிய மணிக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுகிறது. பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சி கொடுப்பதுபோல.

இதையும் வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு டம்ளர் தண்ணீரில் பத்துக்கு ஒரு பங்கு சர்க்கரை. அதில் துளியூண்டு போரிக் பவுடர், கேரம் போர்டில் தூவுவோமே அது. 1963இல் புரூபேக்கரும் குவாக்கும் எழுதிய மகரந்தக் கரைசலில் போரானும் கால்சியமும்தான் முக்கியம். கால்சியத்துக்கு எனக்கு வழி இல்லாததால் குழாய்த் தண்ணீரையே நம்பினேன். எங்கள் பகுதித் தண்ணீரில் உப்புக்குக் குறையில்லை. ஈரத்துணி போட்டு மூடிய தட்டில் தக்காளிப் பொடியை அரை மணி நேரம் வைத்துவிட்டு, ஒரு சொட்டுக் கரைசலில் போட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து நாலைந்து மணிகளிலிருந்து வெள்ளையாக வால் நீண்டிருந்தது. மகரந்தக் குழாய். பூவுக்குள் இதுதான் சூலை நோக்கிப் போகிறது. ஐந்து நாள் ஃபிரிட்ஜில் காய்ந்து கிடந்த பொடி அது. அப்படியே அரசாணிக் குப்பியில் மிஞ்சியிருந்ததையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நீளவில்லை. நசுங்கிய பந்துகள் மாதிரிக் குழிவிழுந்து கிடந்தன.

அரசாணி மகரந்தம் பெரியது. தூரிகையில் எடுத்தால் வெறும் கண்ணுக்கே தனித்தனி மணியாகத் தெரியும். தக்காளி மணியோடு ஒப்பிட்டால் கன அளவில் நூற்றுக்கணக்கான மடங்கு. உடம்பெல்லாம் முள், மேலே எண்ணெய்ப் பசை. சுவரில் பள்ளம் கிடையாது. அங்கங்கே மூடி போட்ட வட்டத் துளைகள்தான். மடங்கிச் சாத்திக்கொள்ள வழியில்லாத உருண்டை. பையை விட்டு வரும்போதே உடம்பில் ஏராளமான தண்ணீரோடு வருகிறது. காய்வதைத் தாங்கும் மகரந்தங்கள் வெளியே வரும்போது பொதுவாக முப்பது விழுக்காட்டுக்கும் குறைவான தண்ணீரோடு வரும். அரசாணியும் அதன் உறவுக்காரர்களும் அந்தக் கோட்டுக்கு ரொம்ப மேலே. இந்தப் பொடியைத்தான் நான் சிலிக்கா ஜெல்லோடு அடைத்து வைத்திருக்கிறேன். பாதுகாக்கிறேன் என்று நினைத்து மூன்று நாள் தாகத்தில் போட்டிருக்கிறேன்.

இதைப் பலவீனம் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். அரசாணிப் பூ விடியலில் விரிந்து பத்துப் பதினொரு மணிக்குள் கூம்பிவிடும். தேனீக்கள் அந்த நேரத்துக்குத்தான் வரும். ஆண் பூவுக்கும் பெண் பூவுக்கும் நடுவே சில அடிதான். அதன் மகரந்தம் சாயங்காலம் வரை இருந்து என்ன செய்யப்போகிறது? ஈரமாகவே வந்தால் விழித்துக்கொள்ள நேரம் எடுக்க வேண்டியதில்லை. சூலகமுடியில் பட்டதுமே குழாய் விடத் தொடங்கலாம். காய்ந்து வருகிற மகரந்தத்துக்குக் காத்திருக்க முடியும், ஆனால் எழுந்து உட்கார நேரமாகும். முந்துகிறவனுக்குத்தான் சூல். இரண்டில் எது வேண்டுமென்று ஒவ்வொரு செடியும் தன் பூ விரியும் நேரத்துக்கும், வரும் பூச்சிக்கும், அடிக்கும் காற்றுக்கும் தக்கபடி லட்சக்கணக்கான ஆண்டுகளில் முடிவு செய்திருக்கிறது.

புல் வகைகள் இந்த அவசரத்தின் எல்லைக்கே போனவை. மக்காச்சோள மகரந்தம் பாதிக்கு மேல் தண்ணீரோடு உதிர்ந்து, நல்ல வெயிலில் ஓரிரண்டு மணி நேரத்தில் செத்துவிடும். நெல் அதைவிட மோசம், சில நிமிடங்கள்தான். அதனால் வீரிய நெல் விதைப்புலத்தில் தக்காளி மாதிரிக் குப்பி, மோதிரம் எதுவும் கிடையாது. ஆண் வரிசையும் பெண் வரிசையும் ஒரே நாளில் பூக்கும்படி முன்பின்னாக நட்டு, பூ விரியும் முற்பகல் நேரத்தில் இரண்டு பேர் கயிற்றை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு ஆண் வரிசைமேல் இழுத்துக்கொண்டே போவார்கள். புகைமாதிரித் தூள் கிளம்பிப் பக்கத்து வரிசையில் விழும். அவ்வளவுதான் அவகாசம்.

இந்தப் பக்கம் பேரீச்சை. அதன் ஆண் பாளை மகரந்தத்தைக் காயவைத்துக் குளிரில் வைத்தால் அடுத்த பருவத்துக்கே ஆகும். மெசபடோமியக் காலத்திலிருந்து மனிதர்கள் அதைக் கையால் தூவிவருகிறார்கள் என்றால், அந்தப் பொடி காய்வதைத் தாங்குவதும் ஒரு காரணம். தென்னையும் இந்தக் கட்சிதான். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நீலேஸ்வரத்தில் 1932இல் ஜே. எஸ். பட்டேல் நெட்டையையும் குட்டையையும் சேர்த்து வீரியத் தென்னையை உண்டாக்கினார். ஆண் பூவிலிருந்து மகரந்தத்தை எடுத்துக் காயவைத்து, மரத்துக்கு மரம் கொண்டுபோக முடியாமல் போயிருந்தால் இன்றைய வீரியத் தென்னை நாற்றங்கால்களே இருந்திருக்காது.

பூவும் விதையும் இல்லாத செடிகளுக்கு ஸ்போர், அதாவது விழுந்த இடத்தில் முளைக்கும் நுண்ணிய வித்து. எங்கள் ஊர்க் கிணற்று உள்சுவரில் பெரணி முளைத்திருக்கும். முற்றிய இலை ஒன்றைப் பறித்து, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைக் காகிதத்தில் வைத்து ஒரு ராத்திரி விட்டால், காலையில் இலையின் உருவம் காப்பிப்பொடி நிறத்தில் அச்சடித்த மாதிரி விழுந்திருக்கும். ஒவ்வொரு பொட்டும் ஆயிரக்கணக்கான ஸ்போர். பெரணி காய்வதைத் தாங்குவதோடு நிற்கவில்லை, அதைக் கருவியாகவே ஆக்கிக்கொண்டது. ஸ்போர்ப் பையின் முதுகில் பன்னிரண்டு பதின்மூன்று அணுக்கள் முதுகெலும்பு மாதிரி வரிசையாக நிற்கும். அவற்றிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது வளையம் பின்பக்கமாக நிமிர்ந்து வில்போல இழுபட்டு நிற்கும். மிச்சத் தண்ணீர் தாங்கமுடியாமல் உள்ளே குமிழி விட்டதும், வில் பட்டென்று திரும்பும். ஸ்போர்கள் வினாடிக்குப் பத்து மீட்டர் வேகம் வரை பறக்கும். வெயில் ஏறி இலை காயும் நேரம்தான் அதற்குப் புறப்பட நல்ல நேரம்.

பெரணியிலும் அரசாணிக் கதை உண்டு. பெரும்பாலான பெரணி ஸ்போர்கள் பழுப்பு. சில வகைகளுக்கு மட்டும் ஸ்போரே பச்சையாக, பச்சையத்தோடு, ஈரத்தோடு வரும். 1970இல் வெளிவந்த ஒரு கணக்கில், பச்சை ஸ்போர்களின் சராசரி ஆயுள் 48 நாள். பழுப்பு ஸ்போர்களுக்கு 1,045 நாள். பச்சையோ பெரும்பாலும் மூன்று நாளுக்குள் முளைத்துவிடும், பழுப்புக்கு அதைப்போலப் பல மடங்கு நாள் ஆகும். பூவும் இல்லை, தேனீயும் இல்லை. ஆனாலும் அதே பேரம்.

பாக்டீரிய ஸ்போர் வேறு சாதி. அது பரவுவதற்காக உண்டாவதில்லை, பஞ்சம் வந்தால் ஒளிந்துகொள்வதற்காக உண்டாவது. தண்ணீரை வெளியேற்றி, அந்த இடத்தில் கால்சியத்தோடு சேர்ந்த டைபிகோலினிக் அமிலத்தை அடைத்து, அடுக்கடுக்காக ஓடு போட்டுக்கொள்கிறது. மாட்டுக்கு வரும் அடைப்பான் நோயின் கிருமி இப்படித்தான் மண்ணில் கிடக்கிறது. அடைப்பானில் செத்த மாட்டை அறுக்காமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்வது அதனால்தான். அறுத்தால் காற்றுப் பட்டு ஸ்போராகிவிடும். ஸ்காட்லாந்துக் கரையோரம் குருயினார்ட் என்ற தீவில் 1942இல் பிரிட்டிஷ் ராணுவம் இந்தக் கிருமியை ஆட்டுக் கூட்டத்தின்மீது சோதித்துப் பார்த்தது. தீவு அத்தோடு முடங்கியது. 1986இல் 280 டன் ஃபார்மால்டிஹைடைக் கடல்நீரில் கலந்து மண்ணில் இறக்கி, 1990இல்தான் ஆபத்தில்லை என்று அறிவித்தார்கள். நாற்பத்தெட்டு வருடம்.

உயிர் போன பிறகும் சுவர் நிற்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மகரந்தத்துக்கும் பெரணி, பாசி ஸ்போர்களுக்கும் மேலோடு ஸ்போரோபொலெனின் என்ற பொருள். அமிலத்தில் கரையாது, காரத்தில் கரையாது. அதன் ரசாயன அமைப்பையே 2018இல்தான் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பைன் மகரந்தத்தை வைத்து ஓரளவு பிரித்துக் காட்டினார்கள். ஸ்வீடனின் குன்னார் எர்ட்மன் கண்ட முறையில், மகரந்தத்தை அசெட்டிக் அன்ஹைட்ரைடும் கந்தக அமிலமும் கலந்து கொதிக்கவைப்பார்கள். உள்ளே இருப்பதெல்லாம் கரைந்து போய்ச் சுவர் மட்டும், முள்ளும் துளையும் பள்ளமும் அப்படியே, சுத்தமாக நிற்கும். என் அரசாணிக் குப்பியில் செத்த மணிகளுக்கும் அந்தச் சுவர் இருந்தது. அது ஏரிச் சேற்றில் விழுந்திருந்தால் சில ஆயிரம் வருடம் கழித்தும் இது அரசாணி வகை என்று ஒருவர் சொல்லிவிடலாம்.

அப்படிச் சொல்லத் தெரிந்தவர்களில் உலகமே மதித்த ஒருவர் நம்மவர். தணிகைமணி, 1938இல் பிறந்தவர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மகரந்த ஆய்வகத்தை வளர்த்தவர். வெப்பமண்டலச் செடிகளின் மகரந்தங்களை ஸ்லைடு ஸ்லைடாகச் சேர்த்து, எந்தச் சுவர் எந்தச் செடியுடையது என்று பார்த்துச் சொல்லும் அகராதியாக அந்தத் தொகுப்பை ஆக்கியவர்களில் முக்கியமானவர். சதுப்புநிலக் காடுகள் முன்பு எங்கே இருந்தன என்பதைச் சேற்றில் புதைந்த மகரந்தத்தை வைத்துச் சொல்ல அவருடைய வேலை இன்றும் அடிப்படை. 1986 செப்டம்பர் 5, கராச்சி விமான நிலையத்தில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் அவர் கொல்லப்பட்டார். வயது நாற்பத்தெட்டு. எங்கள் பள்ளிப் பாடத்தில் அவர் பெயர் வந்ததில்லை, வந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

நிலத்துச் செடிகளின் மிகப் பழைய தடயம் இலையோ வேரோ இல்லை, ஸ்போர்ச் சுவர்கள்தான். சுமார் 47 கோடி ஆண்டுப் பழைய பாறைகளில் கிடைக்கின்றன. தண்ணீரை விட்டுக் கரையேறியதும் முதல் பிரச்சினையே காய்ந்துபோவதுதானே.

என் கொடிக்கு வருகிறேன். ஐப்பசியில் மறுபடி ஒரு பெண் மொட்டு. மறுநாள் விரியும் என்று நுனி மஞ்சளானதில் தெரிந்தது. ஆண் மொட்டு இல்லை. இந்த முறை குப்பியைத் தொடவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். வறட்டியின் மறுபாதியை அவள் வேலியோரம் ஊன்றியிருந்தாள். ஆறு கிலோமீட்டர்.

"அக்கா, நாளைக்கு விரியற மாதிரி ஆண் மொட்டு இருக்கா?"

"நாலு இருக்குது கண்ணு. நூல் கட்டி வெச்சுடட்டா?"

"கட்டிடுக்கா. வண்டு புகுந்துடப் போகுது. நான் அஞ்சரைக்கெல்லாம் வந்துடறேன்."

நானும் என் பெண் மொட்டின் நுனியை நூலால் கட்டினேன். காலையில் இருட்டோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா நீளமான காம்போடு இரண்டு பூவை அறுத்து, ஈரத் துண்டில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்துக் கொடுத்தாள். ஆறே காலுக்கு மாடியில் இருந்தேன். ஆண் பூவின் இதழ்களை உரித்ததும் நடுத்தண்டில் மகரந்தம் ஈரமாக, ஒட்டும் பதத்தில், ஆரஞ்சு நிறத்தில் மின்னியது. பெண் பூவின் நூலைப் பிரித்து, மூன்று பிளவிலும் படும்படி மெல்ல உருட்டினேன். மறுபடி நூல் கட்டினேன். ஒரு வாரத்தில் பிஞ்சு கைப்பிடி அளவுக்கு வந்தது.

காய் நாலரைக் கிலோ. பொங்கலுக்கு அக்கா வீட்டில் வைத்து அறுத்தோம். குழம்புக்குப் போனது போக, விதையைக் கழுவி நிழலில் காயவைத்தோம். பத்து மணிக்கு மேல் தாங்காத பொடியைச் சுமக்கும் அதே செடியின் விதை, காய்ந்து வருடக்கணக்கில் கிடக்கும். அக்கா தொழுவத்திலிருந்து சாணி அள்ளி வந்து, பெரியம்மா செய்வதுபோல விதைகளைப் பிசைந்து வறட்டி தட்டினாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வறட்டிக்குப் பதினைந்து வீதம், பழைய வறட்டியைப் பெயர்த்த தழும்பு இருந்த இடத்திலேயே ஒட்டினோம்.